கையொப்பம் சம்மதம் ஆகாது

நிக்காஹ் மஜ்லிஸில் நாம் எல்லாரும் கண்டு பழகிய காட்சி ஒன்று உண்டு. மாப்பிள்ளை வந்து அமர்ந்துவிட்டார். ஜமாஅத்தார் கூடிவிட்டனர். விருந்தின் மணம் வாசல்வரை வந்துவிட்டது. ஆனாலும் குத்பா தொடங்குவதில்லை. வக்கீலும் இரண்டு சாட்சிகளும் எழுந்து உள்ளே போகின்றனர். மணமகளின் முன் நின்று, இன்னாருடைய மகன் இன்னாருக்கு, இவ்வளவு மஹருக்கு, உன்னை மணமுடித்துத் தரச் சம்மதமா என்று கேட்கின்றனர். அவள் சம்மதித்தாள் என்ற செய்தி வெளியே வரும்வரை சபை காத்திருக்கிறது. தந்தை பக்கத்தில் இருக்கிறார். பந்தலும் விருந்தும் அவர் செலவுதான். ஆயினும் அவள் வாயிலிருந்து வரவேண்டிய சொல்லை அவள்தான் தரவேண்டும்.

இத்துணைக் கண்ணியமான ஒரு சட்டத்தைக் கையில் வைத்திருக்கும் சமுதாயம், அதே பெண் நாற்பது வயதில் மருத்துவமனைக்குப் போகும்போது அவளிடம் எதைக் கேட்கிறது? கணவர் ஒரு தாளில் ஒப்பமிடுகிறார். அல்லது தம்பி இடுகிறான். அவளே இட்டாலும், விரல் காட்டிய இடத்தில் இடுகிறாள். அந்தத் தாள் அறுவைக்கானதா, மயக்க மருந்துக்கானதா, ஒரு புதிய மருந்தைச் சோதிப்பதற்கானதா என்பது அவளுக்கும் தெரியாது, ஒப்பமிட்டவருக்கும் தெரியாது. வக்கீலும் இல்லை, சாட்சியும் இல்லை, கேள்வியும் இல்லை. இதற்குச் சம்மதம் என்று பெயர் சூட்டியிருக்கிறோம்.

இக்கட்டுரை அந்தப் பெயரை மறுப்பதற்காக எழுதப்படுகிறது.

அம்பத்தூர் தொழிற்பேட்டையில் நாள் முழுதும் நின்று தைக்கும் பெண்களையும், ஆவடியில் ஆலைத் தொழிலாளர் குடும்பங்களையும், பூந்தமல்லியில் தலைமுறை தலைமுறையாக வாழும் நம் மக்களையும் எண்ணிப் பாருங்கள். இவர்களுடைய வீடுகளில் அடிக்கடி கேட்கும் ஒரு சொல் 'கட்டி'. மாதவிடாயில் மிகுந்த உதிரப்போக்கு, இடுப்பு வலி, களைப்பு. ஸ்கேன் எடுத்துப் பார்க்கின்றனர். கருப்பையில் கட்டி என்கின்றனர். அந்தச் சொல் காதில் விழுந்த மாத்திரத்தில் குடும்பத்தின் நினைவு புற்றுநோய்க்கு ஓடிவிடுகிறது.

உண்மை அதுவன்று. மருத்துவர்கள் ஃபைப்ராய்டு என்று சொல்லும் கருப்பைத் தசைக் கட்டிகள் ஏறத்தாழ எல்லாமே தீங்கற்றவை. அவை பிற உறுப்புகளுக்குப் பரவுவதில்லை. ஐம்பது வயதை எட்டும் பெண்களில் பாதிக்கு மேற்பட்டோரிடம் இவை இருக்கக்கூடும். பலருக்கு எந்தத் தொல்லையும் தராமல் இருந்துவிட்டு, மாதவிடாய் நின்றபின் தாமே சுருங்கிப் போகும். அவற்றுள் புற்றாக மாறி வெளிப்படுவது மிகமிக அரிது. தொல்லை தருவனவற்றுக்கு மருந்து உண்டு. கட்டியை மட்டும் நீக்கும் அறுவையும் உண்டு. கருப்பையை எடுப்பது பல வழிகளுள் ஒன்றேயன்றி ஒரே வழியன்று.

தீங்கற்ற கட்டியுள்ள ஒருத்தியை மருந்துச் சோதனையில் சேர்ப்பதற்கும் புற்றுநோயாளி ஒருவரைச் சேர்ப்பதற்கும் இடையே மலைக்கும் மடுவுக்கும் உள்ள வேறுபாடு உண்டு. எல்லா மருந்தும் தோற்று, வாசலில் மரணம் நிற்கும்போது, புதிய மருந்தின் ஆபத்தை ஏற்பதில் ஒரு நியாயம் இருக்கிறது. நடந்து வந்து, வேலை செய்து, பிள்ளைகளை வளர்த்துக்கொண்டிருக்கும் ஒருத்திக்கு அந்த நியாயம் பொருந்தாது. அவளுடைய நோய் அவளைக் கொல்லப் போவதில்லை. எனவே அவளுக்குத் தரப்படும் மருந்தும் அவளைக் கொல்லும் வாய்ப்புடையதாக இருக்கலாகாது. தராசின் ஒரு தட்டில் சிறு நோயை வைத்து, மறு தட்டில் பெரும் ஆபத்தை வைக்கலாகாது.

இது வெறும் கற்பனை அச்சமன்று. ஃபைப்ராய்டுக்காக ஐரோப்பாவில் அனுமதிக்கப்பட்டிருந்த யூலிப்ரிஸ்டல் என்னும் மருந்தை உண்ட பெண்களுள் சிலருக்குக் கல்லீரல் கடுமையாகக் கெட்டது. மாற்றுக் கல்லீரல் பொருத்தும் நிலை வரை போனவர்களும் உளர். 2018இல் கட்டுப்பாடு விதித்தனர். 2020இல் மீண்டும் நிறுத்தி ஆராய்ந்தனர். 2021 தொடக்கத்தில், அறுவைக்கு வழியில்லாதவர்களுக்கும் அறுவை பலன் தராதவர்களுக்கும் மட்டும் என்று சுருக்கினர். விலப்ரிசான் என்னும் மற்றொரு மருந்தின் சோதனை இறுதிக் கட்டம்வரை வந்தபின், விலங்குகளில் கண்ட தீய விளைவுகளால் 2018 டிசம்பரில் நிறுத்தி வைக்கப்பட்டது. பல நாட்டுப் பெண்கள் அதற்குள் அச்சோதனையில் சேர்ந்திருந்தனர். மருந்து கண்டறிவோர் எல்லாரும் கொடியவர்கள் என்று நான் கூற வரவில்லை. அறிந்தோரும் முன்கூட்டி அறியமுடியாத ஆபத்து இதில் இருக்கிறது. ஆதலால் அறியாதோரிடம் அதை மறைப்பது குற்றம் என்றே கூறுகிறேன்.

இந்த இடத்தில் நம்மவருள் ஒரு சாரார் முந்திக்கொண்டு, சோதனை என்றாலே சதி, ஊசி என்றாலே சூழ்ச்சி என்பர். அவர்களுக்கும் ஒரு சொல். மருந்தைச் சோதித்து அறியும் கலையை உலகுக்குக் கற்பித்தவர்களுள் முதல் வரிசையில் நிற்பவர்கள் நம் முன்னோர். ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு முன் ராஸீ, மூளைச் சவ்வு அழற்சி கண்ட நோயாளிகளுள் ஒரு பிரிவினருக்கு இரத்தம் எடுத்தும் மற்றொரு பிரிவினருக்கு எடுக்காமலும் ஒப்பிட்டுப் பார்த்ததைத் தம் குறிப்பில் பதித்திருக்கிறார். இப்னு ஸீனா தம் கானூன் நூலின் இரண்டாம் பகுதியில், மருந்தின் இயல்பைச் சோதித்தறிய ஏழு நிபந்தனைகள் வகுத்தார். விலங்கில் கண்டது மனிதனுக்குப் பொருந்தாமற் போகலாம், ஆதலால் மனித உடலிலும் சோதிக்கவேண்டும் என்பது அவற்றுள் ஒன்று. சோதனையை அடியோடு மறுப்பவர் இவர்களையும் சேர்த்தே மறுக்கிறார்.

நம் சென்னையிலேயே உலகம் வணங்கும் சோதனை ஒன்று நடந்தது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கப்பட்ட காசநோய் மருந்து ஆய்வு நிலையத்தில், நகரத்து ஏழை நோயாளிகள் இரு பிரிவாகப் பிரிக்கப்பட்டனர். ஒரு பிரிவினர் சானடோரியத்தில். மற்றவர் தம் குடிசையில். இரு பிரிவினருக்கும் ஒரே மருந்து, ஓராண்டுக்காலம். வீட்டிலிருந்தவரும் சானடோரியத்தாருக்கு இணையாகக் குணமடைந்தனர் என்று 1959இல் வெளியான முடிவு காட்டியது. உலகெங்கும் சானடோரியங்களின் காலம் முடிய அது ஒரு காரணமாயிற்று. ஆவடிக்கும் பூந்தமல்லிக்கும் மேற்கே, திருவள்ளூரைச் சுற்றிய சிற்றூர்களில் 1968 முதல் இரண்டரை லட்சத்துக்கும் மேற்பட்டோரிடம் பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வு நடந்தது. பெரியவர்களின் நுரையீரல் காசத்தை அவ்வூசி தடுக்கவில்லை என்ற கசப்பான முடிவையும் அது மறைக்காமல் உலகுக்குச் சொன்னது. இவற்றில் பங்கேற்றோருள் நம் பாட்டன் பாட்டிகளும் இருந்திருப்பர். ஏழையின் உடல் உலகுக்கு ஈந்த கொடை அது.

ஆனால் சேத்துப்பட்டின் சிறப்பு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். இரு பிரிவினருக்கும் மருந்து கிடைத்தது. ஒருவரையும் நோயோடு விட்டுவிட்டு வேடிக்கை பார்க்கவில்லை. அந்த எல்லை மீறப்பட்ட இடங்களும் இந்நாட்டில் உண்டு.

புதுடில்லியில் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் கீழிருந்த ஒரு நிலையம் 1976 முதல் 1988 வரை ஓர் ஆய்வு நடத்தியது. கருப்பைக் கழுத்தில் புற்றுக்கு முந்திய மாற்றம் கண்ட பெண்கள் 1,158 பேர். அந்த மாற்றம் எத்தனை பேரிடம் புற்றாக முதிர்கிறது என்று அறிவதற்காக அவர்களுக்குச் சிகிச்சை தரப்படாமல் தொடர்ந்து கவனிக்கப்பட்டனர். 71 பேருக்குப் புற்று கண்டது. அவர்களுள் 62 பேருக்கு, அது பரவுமுன் சிகிச்சை நடந்தது. 9 பேருக்கு அது ஊடுருவிப் பரவியிருந்தது. செய்தி வெளிவந்தது 1997இல். எழுத்து வடிவில் சம்மதம் பெறவில்லை. பெண்கள் எழுத்தறியாதவர்கள், வாய்மொழியாகக் கேட்டோம் என்பது தரப்பட்ட விளக்கம். எழுத்தறியாமை அவர்கள் செய்த குற்றமா? எழுத்தறியாதவளிடம் இரண்டு மடங்கு விளக்கிச் சொல்வதன்றோ அறிந்தவன் கடமை!

இதே போன்றதொரு கொடுமை நியூஸிலாந்தில், ஆக்லந்து நகரத்து மகளிர் மருத்துவமனையில் 1966 முதல் நடந்தது. அதை வெளிக்கொணர்ந்தது நீதிமன்றமன்று. 1987இல் ஒரு மாத இதழில் இரு பெண்கள் எழுதிய கட்டுரை. நாடே அதிர்ந்தது. நீதிபதி சில்வியா கார்ட்ரைட் விசாரித்து 1988இல் அறிக்கை தந்தார். நோயாளியின் உரிமைகள் அங்கே சட்டமாயின. டில்லி ஆய்வு முடிந்த ஆண்டும் அதே 1988. அங்கே ஒரு கட்டுரை ஒரு நாட்டைத் திருத்தியது. இங்கே பன்னிரண்டு ஆண்டு ஆய்வு முடிந்து, மேலும் ஒன்பது ஆண்டு கழிந்தபின்தான் செய்தியே வந்தது. வாசிக்கும் சமுதாயத்துக்கும் வாசிக்காத சமுதாயத்துக்கும் உள்ள வேறுபாடு இது.

தமிழ்நாட்டுக்கு வருவோம். திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டில் தொடங்கிய ஆய்வில், 49,311 பெண்கள் அடங்கிய பிரிவுக்குக் கருப்பைக் கழுத்தை எளிய முறையில் பார்த்துச் சோதிக்கும் வாய்ப்பு தரப்பட்டது. 30,958 பெண்கள் அடங்கிய மற்றொரு பிரிவு அச்சோதனையின்றி விடப்பட்டது. சோதிக்கப்பட்ட பிரிவில் இறப்பு 35 விழுக்காடு குறைந்தது என்று 2007இல் முடிவு வெளியாயிற்று. அந்த அறிவின் பயன் பெரிது; அதே ஆண்டில் தேனியிலும் தஞ்சாவூரிலும் அரசு இம்முறையைத் தொடங்கியது. இதை நான் மறைக்கவில்லை. ஆனால் திண்டுக்கல்லிலும் மும்பையிலும் உஸ்மானாபாத்திலுமாக நடந்த மூன்று ஆய்வுகளில், சோதிக்கப்படாமல் விடப்பட்ட பிரிவுகளில் 254 பெண்கள் இந்நோயால் இறந்தனர் என்னும் கணக்கும் உண்டு. நாட்டில் ஏற்கெனவே சோதனைத் திட்டம் இல்லை, ஆதலால் அவர்களுக்கு எதையும் நாங்கள் பறிக்கவில்லை என்கின்றனர் ஆய்வாளர். வறியவனிடம், உன் வீட்டில் ஏற்கெனவே சோறில்லை, ஆகவே உன்னைப் பட்டினி போட்டது நாங்களல்லர் என்று சொல்வதற்கும் இதற்கும் என்ன வேறுபாடு? இந்நோயை முன்கூட்டிக் காணும் வழி 1940களிலிருந்தே மருத்துவ உலகுக்குத் தெரியும்.

இன்று சட்டம் இருக்கிறதே என்பீர்கள். இருக்கிறது; அது சும்மா வரவில்லை. 2005 முதல் 2012 வரை 475 புதிய மருந்துகளின் சோதனைகளில் 2,644 பேர் இறந்தனர் என்று மத்திய அரசே உச்ச நீதிமன்றத்தில் சொன்னது. அவற்றுள் 80 இறப்புகளுக்கே சோதனை காரணம் என்று அரசு ஒப்பியது. அந்த 475இல் விற்பனைக்கு அனுமதி பெற்றவை 17. வழக்கின் விளைவாக 2013இல் இழப்பீட்டு விதிகள் வந்தன. சம்மதம் பெறுவதை ஒலி ஒளிப் பதிவு செய்ய நீதிமன்றம் ஆணையிட்டது. 2019இல் புதிய மருந்துகள், மருந்துச் சோதனைகள் விதிகள் வந்தன. அவற்றின்படி, நோயாளிக்குப் புரியும் மொழியில் விளக்கத் தாள் தரவேண்டும். படிக்கத் தெரியாதவருக்குச் சார்பற்ற சாட்சி ஒருவர் உடனிருக்க வேண்டும். ஒப்பமிட்ட தாளின் நகல் அவர் கைக்கு வரவேண்டும். சோதனையால் தீங்கு நேர்ந்தால் சிகிச்சையும் இழப்பீடும் பெற அவருக்கு உரிமை உண்டு. எப்போது வேண்டுமாயினும், காரணம் சொல்லாமலே, அவர் விலகிக்கொள்ளலாம்.

வக்கீலும் சாட்சியும் கேள்வியும்! நம் நிக்காஹ் மஜ்லிஸின் ஒழுங்கு, மருந்துச் சட்டத்தின் பக்கத்தில் வந்து நிற்கிறது.

ஆனால் சட்டத்தில் ஓர் இடைவெளி உண்டு. நம் பகுதிப் பெண்கள் நடமாடுவது அந்த இடைவெளியிலேதான். ஏற்கெனவே அனுமதி பெற்ற ஒரு மருந்தை வேறொரு நோய்க்கோ வேறொரு அளவிலோ கல்வி நோக்கத்துடன் சோதித்தால், மருந்துக் கட்டுப்பாட்டுத் தலைமை அதிகாரியின் அனுமதி வேண்டா. அந்நிறுவனத்து நெறிமுறைக் குழுவின் ஒப்புதலே போதும். மருத்துவ முதுநிலை மாணவர் ஒவ்வொருவரும் ஓர் ஆய்வேடு தரவேண்டும். கருப்பைக் கட்டிக்கு இந்த மருந்தா அந்த மருந்தா என்று ஒப்பிடும் ஆய்வுகள் அப்படி நாடெங்கும் நடக்கின்றன. இந்திய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் எவரும் கட்டணமின்றிப் பார்க்கலாம். அயல்நாட்டுக் கம்பெனி, பெரும் பணம், ரகசிய ஒப்பந்தம் என்று நாம் பயந்துகொண்டிருப்பது ஒன்று. நம் வாசலில் இலவச முகாமாகவும், சிரித்த முகத்து இளம் மருத்துவராகவும் வந்து நிற்பது வேறொன்று. அந்த இளைஞர் நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்கு இத்தனை பேர் வேண்டும், இந்தத் தேதிக்குள் வேண்டும். அந்த அவசரத்தில் விளக்கம் சுருங்குகிறது. ஒப்பம் மட்டும் மிஞ்சுகிறது.

தீங்கு நேர்ந்ததாக நம்பும் ஒருவர் குரல் எழுப்பினால் என்ன ஆகும் என்பதற்கும் நம் பகுதியிலேயே சான்று உண்டு. 2020இல் போரூரில் உள்ள மருத்துவப் பல்கலைக்கழகத்தில் கோவிட் தடுப்பூசிச் சோதனைக்குத் தாமாக முன்வந்த ஒருவர், தமக்கு நரம்புக் கோளாறு வந்ததெனக் கூறி 5 கோடி ரூபாய் இழப்பீடு கேட்டு நோட்டீஸ் அனுப்பினார். ஊசிக்கும் நோய்க்கும் தொடர்பில்லை என்றது உற்பத்தி செய்த நிறுவனம். அத்தோடு நில்லாமல் 100 கோடி ரூபாய்க்கு மேல் மானநஷ்டம் கேட்போம் என்றும் அறிவித்தது. நோய்க்குக் காரணம் எது என்று தீர்ப்புச் சொல்வது என் வேலையன்று. ஆனால் வழக்கறிஞர் வைத்து நோட்டீஸ் அனுப்பத் தெரிந்தவருக்கே இந்தப் பதில் என்றால், தொழிற்பேட்டையில் பொட்டலம் கட்டும் சகோதரிக்கு எந்தப் பதில் வரும்? அவளுக்கு நோட்டீஸ் அனுப்பவும் தெரியாது. தான் சோதனையில் இருந்தது தெரிந்தாலன்றோ கேள்வியே பிறக்கும்!

இனி, ஏழைக்கு இலவச மருத்துவம் கிடைக்கிறதே, அதையும் கெடுக்கலாமா என்று கேட்கும் கனவான்களுக்கு. ஸ்கேன் இலவசம், மருந்து இலவசம், வந்துபோகப் பேருந்தும் இலவசம் என்றால், வேறு வழியற்றவள் மறுக்க முடியுமா? மறுக்க முடியாத இடத்தில் பெற்ற ஒப்புதலுக்கு எந்தப் பெறுமதியும் இல்லை. இது புதுமைக் கருத்தன்று. 1992 மே மாதம் ஜித்தாவில் கூடிய சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹ் அகாடமி மருத்துவ ஆராய்ச்சி பற்றி முடிவெடுத்தபோது, முழு அறிவுடையவரின் சம்மதம் வேண்டும் என்றது. சிறைப்பட்டோர் போன்றவரை நிர்ப்பந்தித்தும், வறியோரைப் பணத்தால் ஆசைகாட்டியும் அதைப் பெறலாகாது என்றும் விதித்தது. அனுமதியின்றிக் கத்தி வைத்த மருத்துவர் கைதேர்ந்தவராயினும் நேர்ந்த சேதத்துக்கு அவரே பொறுப்பு என்பது நம் பழைய ஃபிக்ஹு நூல்கள் வகுத்த சட்டம். உடல் இறைவன் தந்த அமானிதம். அமானிதத்தை ஒப்படைக்குமுன் யாரிடம், எதற்காக, எவ்வளவு காலத்துக்கு என்று கேட்பது சந்தேகப் புத்தியன்று, மார்க்கக் கடமை.

எல்லாக் குற்றத்தையும் மருத்துவமனை மேல் சுமத்திவிட்டு நாம் கைகழுவ முடியாது. மனைவியின் உடலுக்கு ஒப்பமிடும் உரிமை கணவனுக்கு யார் தந்தது? வயது வந்த, அறிவு தெளிந்த பெண்ணுக்குப் பதிலாக வேறொருவர் ஒப்பமிடச் சட்டமும் இடந்தரவில்லை, ஷரீஅத்தும் இடந்தரவில்லை. சுயநினைவற்றவருக்கும் சிறுவருக்குந்தான் பிரதிநிதி. நம் பெண்கள் சுயநினைவற்றவர்களா? டாக்டர் வந்து விளக்கும்போது, அவளுக்கு ஒன்றும் தெரியாது, என்னிடம் சொல்லுங்கள் என்று குறுக்கே பாயும் ஆண்கள் நம் வீடுகளில் எத்தனை பேர்! அவளை அறியாதவளாக வைத்திருப்பது நாம். பிறகு அறியாதவளை ஏமாற்றிவிட்டார்கள் என்று கூக்குரலிடுவதும் நாமே.

ஆகவே செய்யத்தக்கவை சில. பிள்ளைகள் பள்ளிப்பாடம் படிக்கும் வீட்டில், தாயின் விளக்கத் தாளையும் உரக்கப் படிக்கட்டும். ஒப்பமிடுமுன் அவள் கேட்கவேண்டியவை இவை: இது சிகிச்சையா, சோதனையா? நான் சேராவிட்டாலும் எனக்கு வழக்கமான சிகிச்சை கிடைக்குமா? வெற்று மாத்திரை கொடுக்கும் பிரிவு இதில் உண்டா; உண்டெனில் என் உதிரப்போக்குக்கும் சோகைக்கும் அதற்குள் என்ன செய்வீர்கள்? தீங்கு நேர்ந்தால் செலவு யாருடையது? பதிவேட்டு எண் என்ன, நெறிமுறைக் குழுவின் தொலைபேசி எண் என்ன? இவற்றுக்கு நேரான விடை தரும் மருத்துவரிடம் மனமுவந்து சேரலாம். அவ்வாறு சேர்வது ஸதக்கத்துல் ஜாரியாவாக அமையவும் கூடும். விடை தரத் தயங்குபவரிடமிருந்து எழுந்து வந்துவிடலாம். நாளைக்கு வருகிறேன் என்று சொல்லித் தாளை வீட்டுக்கு எடுத்து வருவதில் தவறேதுமில்லை. தீங்கற்ற கட்டி ஒரு வாரத்தில் ஓடிவிடாது.

ஜமாஅத்துகளுக்கும் ஒரு வேலை உண்டு. மஹல்லாவில் முகாம் நடத்த இடம் கேட்டு வருவோரிடம் முத்தவல்லி முதலில் கேட்கவேண்டியது, இங்கே வருவோர் எவரேனும் ஆய்வில் சேர்க்கப்படுவரா என்பது. ஒவ்வொரு நெறிமுறைக் குழுவிலும் குறைந்தது ஏழு பேர் இருக்கவேண்டும் என்றும், அவர்களுள் பாதிப்பேர் அந்நிறுவனத்தைச் சேராதவராக இருக்கவேண்டும் என்றும் 2019 விதி சொல்கிறது. சாதாரணப் பொதுமனிதர் ஒருவருக்கும் பெண் ஒருவருக்கும் அதில் கட்டாய இடம் உண்டு. சமூக அறிவியலாரோ தத்துவ அறிஞரோ சமய அறிஞரோ அமரவும் இடம் உண்டு. அந்த நாற்காலிகள் நம் பகுதியிலேயே இருக்கின்றன. நம் ஆலிம்களும் பட்டம் பெற்ற நம் சகோதரிகளும் அவற்றில் ஏன் அமரக்கூடாது? சதி சதி என்று வெளியே நின்று பேசும் ஆயிரம் பேரைவிட, உள்ளே அமர்ந்து, இந்தத் தாள் தமிழில் புரியவில்லை, திருத்தி எழுதுங்கள் என்று சொல்லும் ஒருவர் மேலானவர்.

மணமகளிடம் கேட்காமல் நிகழ்ந்த நிக்காஹை நாம் ஒப்புக்கொள்ள மாட்டோம். ஆயிரம் பேர் உண்டு களித்திருந்தாலும், பதிவுப் புத்தகத்தில் எத்தனை ஒப்பங்கள் இருந்தாலும், அவள் அறியவில்லை என்றால் அது நிக்காஹ் அன்று என்போம். அந்த உறுதி மருத்துவமனைப் படியேறும்போது மட்டும் நம்மிடமிருந்து நழுவிவிடலாகாது. நம் தாய்மாரிடமும் சகோதரிகளிடமும் கேட்டு, அவர்கள் சொல்லைக் காத்திருந்து பெறும் பொறுமையை வல்ல நாயன் நமக்கும் நம் மருத்துவர்களுக்கும் தந்தருள்வானாக!